ஓட்ட நேரம்

நாற்பது விநாடி தாமதம், பரவாயில்லை, நாற்பது விநாடியை வழியில் எங்காவது பிடித்துவிடலாம் என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பஸ் மேட்டுக்கடை நிலையத்தைவிட்டு வெளியே வந்து, இடப்பக்கம் திரும்பி, புதிதாக மஞ்சள் கோடு போட்ட தடத்துக்குள் நுழைந்தது. நுழைந்தேவிட்டது. முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு கார் இல்லை, ஒரு ஆட்டோ இல்லை, ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவனின் மோட்டார் சைக்கிள்கூட இல்லை. வலப்பக்கம் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு அப்பால் மில் ரோடு வழக்கம்போலக் கார்களால் அடைத்துக் கிடக்க, இங்கே தார் மட்டும் கறுப்பாக, மழை கழுவிவிட்டதுபோல, நேரே போய் மேற்கு மலையில் முட்டும் போலிருந்தது. அவருக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும்போல் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் தனியாகச் சிரிக்கிறவனைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். பக்கத்தில் இருந்தது மடியில் சாப்பாட்டுப் பை வைத்திருந்த ஒரு அம்மாள். அவளும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங், இன்னைக்கு பந்த்துங்களா? ரோடு இப்படிக் கெடக்குது?" என்று கேட்டாள். "இல்லீங்க, பஸ்ஸுக்குன்னு தனியா விட்டிருக்காங்க" என்றார். "நமக்கா?" என்றாள். நமக்கா. அந்த வார்த்தையை அவர் கற்கண்டுபோல வாயில் அடக்கிக்கொண்டார். ஆறு வருடம் இந்தத் தனித் தடத்துக்கான கோப்பில் எத்தனை பக்கம் எழுதினார், அதில் இந்த வார்த்தை ஒரு இடத்திலாவது இருந்ததா? இல்லை. பயணிகள், பயன்பாட்டாளர்கள், பொதுமக்கள். ஒருவரும் நாம் இல்லை. பால் பண்ணை நிறுத்தம், எட்டு ஒன்பது. ஏழு பேர் ஏறினார்கள், கண்டக்டர் பெலிக்ஸ் "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நின்னு என்ன பிரசங்கமா பண்ணப்போறீங்க" என்று விரட்டினான், பஸ் கிளம்பியது. நாற்பது விநாடி போன இடம் தெரியவில்லை.

ஒரே ஒரு காலை. கூட்டத்தில் மாநகராட்சி கமிஷனர் அம்மாள் சோதனை ஓட்டத்துக்குக் கொடுத்தது அவ்வளவுதான். "இப்ப எண்பது நிமிஷம் ஆகுது, நீங்க நாப்பத்தஞ்சுங்கறீங்க. எட்டு அஞ்சு வண்டி எட்டு அம்பதுக்குள்ள ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு வரட்டும், நானே வந்து நிக்கறேன். வந்தா கூம்பு இருக்கும். வரலைன்னா பத்து மணிக்கு எல்லாத்தையும் லாரியில ஏத்திருவாங்க. அப்புறம் இந்தக் கோப்பை என் மேசைக்குக் கொண்டாராதீங்க." அந்தக் கூட்டத்தில் கடைக்காரர்கள் இருந்தார்கள், கார் வைத்திருப்போர் சங்கம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து, "இருக்கிற மூணு தடத்துல ஒண்ணைப் புடுங்கி பஸ்ஸுக்குக் குடுத்தா, கார்ல வர்றவங்க எங்கீங்க போவாங்க?" என்று கேட்டார். பஸ்ஸுக்குள் போவார்கள் என்பதுதான் பதில். அந்தப் பதில் நாச்சிமுத்துவுக்கு அன்று சாயங்காலம் குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது வந்தது. அங்கே அதை மிக நன்றாகச் சொன்னார். அவருடைய வாழ்க்கையின் சிறந்த பேச்சுகள் எல்லாம் குளியலறையில்தான் நடந்திருக்கின்றன. கூட்டத்தில் அவர் செய்ததெல்லாம் கால அட்டவணைப் பிரிவு மேற்பார்வையாளர் என்ற முறையில் இரண்டு தாள்களை முன்னால் தள்ளியதுதான். அதில் இன்னொன்றும் இருந்தது, சொல்ல வாய் வராததற்குக் காரணம். அந்தக் கூட்டத்துக்கு அவர் வந்ததே காரில். முப்பத்தொரு வருடமாக இந்த ஊர் பஸ்கள் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று எழுதுகிறவன், பதினாறு வருடமாக பஸ்ஸில் ஏறவில்லை. சமைக்கிறவன் வேறு ஓட்டலில் சாப்பிடுவதுபோல. சாயப்பட்டறை நிறுத்தம், எட்டு பன்னிரண்டு! பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு! அவருடைய தாளில் எட்டு பன்னிரண்டு என்றுதான் போட்டிருந்தது. தாள் சட்டைப்பையில் மடித்திருந்தது, எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, இந்த எண்களை அவர் இரண்டு மாதமாகத் தூக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாக மனைவி வசந்தாமணி சொன்னாள்.

வசந்தாமணி எட்டு முப்பத்தாறுக்கு நாலாம் கேட் நிறுத்தத்தில் நிற்பாள். நிற்பாளா? "வர்றேன்" என்று சொல்லவில்லை, "பாக்கறேன்" என்றாள். அவளுடைய பார்க்கிறேனுக்குப் பதினாறு வருடத்துக் கனம் இருக்கிறது. அப்போது அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், காலை ஏழு ஐம்பத்திரண்டு பஸ். அது ஒரு நாள் ஏழு நாற்பத்தொன்பதுக்குப் போய்விட்டது. வெறும் மூன்று நிமிடம். அவள் ஓடிப்போய் நின்றபோது பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தாள். அடுத்த பஸ் நாற்பது நிமிடம் கழித்து. அன்றைக்குப் பார்த்துப் பள்ளியில் ஆய்வு, அந்த மாதத்திலேயே மூன்றாவது தாமதம், வேலை போயிற்று. வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க எழுதற நேரத்துக்கு உங்க வண்டியே மதிப்பு குடுக்கறதில்லை, நான் எதுக்குக் குடுக்கோணும்?" என்றாள். அந்த வருடமே கார் வந்தது. பஸ் மூன்று நிமிடம் முன்னால் போனதால் ஒரு வீட்டில் கார் வந்தது. இந்த ஊரில் அப்படி எத்தனை வீடுகள் என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா? அடுத்த வாரம் அவர் உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார். முன்கூட்டி ஓடுவது தாமதத்தைவிடப் பெரிய குற்றம். தாமதமாக வரும் பஸ் பயணியைக் காக்க வைக்கிறது, முன்னால் போகும் பஸ் பயணியைக் கைவிடுகிறது. கடைசி வாக்கியத்தை மேலதிகாரி அடித்துவிட்டார், இலக்கியமாக இருக்கிறது என்றார். முதல் வாக்கியம் நின்றது. எல்லா டிப்போவிலும் ஒட்டினார்கள். நேரக்காப்பாளர்கள் கடிகாரத்தோடு நின்றார்கள், இரண்டு நிமிடம் முன்னால் வந்தால் மெமோ, மூன்று மெமோவுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். அதுதான் அவர் மனைவிக்கு எழுதிய ஒரே கடிதம் என்று சில சமயம் தோன்றும். அவள் அதைப் படிக்கவில்லை.

பஸ் மெதுவாகப் போகிறதே. அவர் தலையை நிமிர்த்தினார். எப்போதிருந்து? ஜன்னலுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டிக்காரர் பஸ்ஸோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தார், கொஞ்ச நேரமாகவே நடக்கிறார் போலிருக்கிறது, வண்டியில் சீத்தாப்பழம். முன்னால் தடம் காலியாகத்தான் இருந்தது. கறுப்பாக, கழுவினதுபோல, மலை வரைக்கும். என்ஜினில் கோளாறா? சத்தம் சரியாக இருந்தது, முதல் கியரில் பூனைபோல உறுமிக்கொண்டு. வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். மண்டபம் நிறுத்தம் எட்டு இருபது, எட்டு பதினாறாக இருந்திருக்க வேண்டும். யாரும் இறங்கவில்லை, இரண்டு பேர் ஏறினார்கள், பஸ் நின்றுகொண்டே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு. டிரைவர் ஸ்டீயரிங்கில் முழங்கையை ஊன்றி எதையோ எதிர்பார்ப்பவர்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு இருபத்திரண்டுக்குக் கிளம்பியது, மறுபடி அந்தப் பூனை உறுமல்.  நாச்சிமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தார். எட்டு பதினொன்றுக்குக் கிளம்பிய பஸ் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது, அதற்குப் பின்னால் எட்டு பதினேழு பஸ், கோவில் யானைகள் ஆற்றுக்குப் போவதுபோல வரிசையாக. கூம்புகளுக்கு அப்பால் அத்தனை நேரம் நின்றிருந்த கார்களே இப்போது பஸ்ஸைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது. "என்னுங்ணா, தனி ரோடு வாங்கிட்டு சாமி ஊர்வலமா?" என்று ஒரு குரல், உள்ளே சிரிப்பு, ஒரு கை வெளியே நீண்டு செல்போனில் படம் எடுத்தது. அந்தப் படம் ஸ்டேஷன் வாசலுக்கு இந்த பஸ்ஸுக்கு முன்னால் போய்விடும். அடுத்த சந்தில் ஒரு கார் இரண்டு கூம்புகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துப் பார்த்தது, போலீஸ்காரர் கையைக் காட்டவும் வெளியே போயிற்று. எவ்வளவு நேரத்துக்கு அவர் கையைக் காட்டுவார்? பஸ்ஸுக்குள்ளும் ஆரம்பித்துவிட்டார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பையன், "டிரைவர் அண்ணா, நான் எறங்கி முன்னாடி நடந்து போய் ஆபீஸ்ல உங்களுக்கு எடம் போட்டு வெக்கட்டுங்களா?" என்றான். பக்கத்து அம்மாள், "நமக்குன்னு ஒண்ணு குடுத்தா இப்படித்தான் இருக்கும்" என்று பையை இறுக்கிக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

டிரைவரை விலைக்கு வாங்கிவிட்டார்களோ? அந்த வெள்ளைச் சட்டைக்காரர்? சே, என்ன நினைப்பு இது. ஆனால் நினைப்பு வந்துவிட்டது, வந்ததும் உட்கார்ந்துகொண்டது. டிரைவரின் முகம் உள்கண்ணாடியில் தெரிந்தது, நரைத்த மீசை, நெற்றியில் விபூதி, கள்ளம் செய்கிறவரின் முகமாக இல்லை, மாறாகக் கவனமாக, மிகக் கவனமாக, அடுப்பில் பால் வைத்திருப்பவரின் முகமாக இருந்தது. அவருடைய கண் சாலையைப் பார்த்தது, கடிகாரத்தைப் பார்த்தது, பிறகு ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுச் செருகியிருந்த ஒரு பழுப்பு அட்டையைப் பார்த்தது. மறுபடி கடிகாரம். மறுபடி அட்டை.  டைம் கார்டு, எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்று நாச்சிமுத்துவின் பிரிவே எழுதிக் கொடுப்பது. கூம்புகள், மஞ்சள் கோடு, போலீஸ், நிறுத்தங்களில் பலகை, ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி, எல்லாவற்றையும் அவர் நினைத்தார். கமிஷனருக்கு ஒரு தாள், காவல்துறைக்கு ஒரு தாள், மனைவிக்குக்கூட வாயால் ஒரு தாள். டிரைவர் கையில் இருக்கும் அட்டையை மாற்றவில்லை. அதில் ஓட்ட நேரம் எண்பது நிமிடம். ஐ.டி.ஐ. நிறுத்தம் எட்டு நாற்பத்திரண்டு. அங்கே நேரக்காப்பாளர் கடிகாரத்தோடு நிற்பார். இந்த மனிதர் இப்போதே நான்கைந்து நிமிடம் முன்னால் இருக்கிறார், பயந்துபோய்ப் பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டு வருகிறார். முன்கூட்டி ஓடுவது தாமதத்தைவிடப் பெரிய குற்றம்.

எப்படி மறந்தார்? மறக்கவில்லை, அதுதான் விஷயம், நினைவுக்கு வந்து தவறியிருந்தால் மறதி, இது நினைவுக்கே வரவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தத் தடத்துக்கு ஓட்ட நேரம் நாற்பத்தாறு நிமிடம். பிறகு ஐம்பத்திரண்டு. பிறகு அறுபது, அறுபத்தெட்டு, எழுபத்தைந்து, எண்பது. ஒவ்வொரு முறையும் கார்கள் கூடின, அவர் நிமிடத்தைக் கூட்டினார், டிரைவர்கள் வந்து "இன்னும் நாலு நிமிஷம் போடுங்க சார்" என்று கேட்டார்கள், அவர் போட்டார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு அட்டையிலும் அவர் ஒரு நிமிடத்தைக் குறைத்ததில்லை. குறைக்கலாம் என்பதே அந்தக் கைக்குத் தெரியாது. தாளில் நாற்பத்தைந்து என்று எழுதியது தலை, அட்டை கையினுடையது. தான் எழுதியதைத் தானே நம்பவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? ஆறு வருடம் சண்டை போட்டவன் உள்ளுக்குள் எங்கோ எண்பது நிமிடத்தோடு சமாதானமாக உட்கார்ந்திருந்திருக்கிறான். எட்டு இருபத்தேழு. பாதி வழிகூட வரவில்லை, இன்னும் ஏழரைக் கிலோமீட்டர், இருபத்து மூன்று நிமிடம். எழுந்து போய்ச் சொல்லலாம். என்ன சொல்வது? யாரென்று கேட்டால்? அடையாள அட்டை பையில் இருக்கிறது. ஆனால் சொன்னால் அது தன் தவறு என்று ஆகிவிடும், ஸ்டேஷன் வாசலில் எல்லோர் முன்னாலும் ஆகிவிடும், பேசாமல் இருந்தாலோ டிரைவர் சரியில்லை, திட்டம் சரியில்லை, ஊர் சரியில்லை என்று போய்விடும். இன்று சாயங்காலம் குளியலறையில் மிக நன்றாகப் பேசலாம். அந்த நினைப்பு, தலையில் ஊற்றிய தண்ணீரின் அந்தக் குளிர்ச்சி, அதுதான் அவரை எழுப்பிவிட்டது. கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார், யாருடைய காலையோ மிதித்தார், "பாத்துப் போங்க, எறங்கறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது" என்றான் பெலிக்ஸ்.

"வேகமாப் போலாமுங்களே" என்றார் டிரைவரிடம். குரல் கீச்சென்று வந்தது. டிரைவர் திரும்பாமலே, "போலாமுங்க. போனா மெமோ வருமுங்க" என்றார். "தனித் தடம் குடுத்திருக்காங்களே?" "தடம் குடுத்தாங்க. கார்டு குடுக்கலீங்களே. லேட்டாப் போனா டிராபிக்குன்னு சொல்லிக்கலாம். முன்னாடிப் போனா சொல்றதுக்கு வாயில்லீங்க. எவனோ ஒரு மகராசன் எழுதி ஒட்டியிருக்கறான், பதினாறு வருசமா அதையப் பாத்துட்டுத்தான் சாவி வாங்கறோம். எனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ, மூணாவது வந்தா இன்கிரிமென்ட் போச்சு. ரிட்டயர்டுக்கு எட்டு மாசம் இருக்குது. நீங்க போய் உக்காருங்க." நாச்சிமுத்து கம்பியை இறுக்கிப் பிடித்தார். "அந்த மகராசன் நான்தானுங்க" என்றார். அப்போதுதான் டிரைவர் திரும்பினார். மீசைக்கு மேலே இரண்டு கண்களும் அவரை மேலும் கீழும் அளந்தன. நாச்சிமுத்து அடையாள அட்டையை நீட்டினார். டிரைவர் அதை வாசித்தார், பஸ் ஊர்ந்துகொண்டே இருந்தது. "நாச்சிமுத்து" என்று மெல்லச் சொன்னார், பல வருடம் திட்டிய பெயரை முதல் முறையாக மரியாதையாகச் சொல்கிறவர்போல. "எம்பேரு ஆறுச்சாமிங்க. என்னோட ரெண்டு மெமோவும் உங்க புண்ணியந்தானுங்க." "தெரியும்" என்றார் நாச்சிமுத்து, தெரியாது, ஆனால் அப்படித்தான் வந்தது. "இந்தக் கார்டு தப்பு. என்னோட தப்பு. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்." ஆறுச்சாமி தலையை ஆட்டவில்லை. "வாய்ல சொன்னா ஐ.டி.ஐ.ல நிக்கறவனுக்குக் கேக்காதுங்க. எழுத்துல குடுப்பீங்களா?" அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. நாச்சிமுத்து ரப்பர் பேண்டை உருவி அட்டையை எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் வைத்து, பேனாவைத் திறந்தார். என்ஜின் சூடு விரலுக்கு ஏறியது. எண்பது என்ற எண்ணின்மேல் கோடு இழுத்தார். இழுக்கும்போது உடம்பெல்லாம் என்னவோ செய்தது, மேலிருந்து எதையோ கீழே தள்ளிவிட்டு அது விழும் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல. நாற்பத்தைந்து. அதன் கீழே: அட்டையைத் திருத்தாதது என் பிழை, முன்கூட்டி ஓடியதற்கு ஓட்டுநர் பொறுப்பல்ல. கையெழுத்து, தேதி, நேரம் எட்டு இருபத்தொன்பது. ஆறுச்சாமி அதை ஒருமுறை, பிறகு இன்னொரு முறை படித்தார். "பெலிக்ஸு" என்று பின்னால் கத்தினார், "பின்னாடி வண்டிக்காரனுக ரெண்டு பேருக்கும் போனைப் போடு. கழுதையைக் கட்டி வெச்ச கயித்தை அவுத்தாச்சுன்னு சொல்லு."

அப்புறம் பஸ் போயிற்று. போயிற்று என்று சொன்னால் போதாது, முப்பது வருடம் முதல் கியரில் கிடந்த ஒன்று விடுபட்டதுபோல, இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் ஏற ஏற ஜன்னல்கள் எல்லாம் கடகடவென்று பேச ஆரம்பித்தன, கூம்புகள் தனித்தனியாக இருந்தவை ஒட்டிக்கொண்டு ஒரே ஆரஞ்சுக் கோடாக ஆயின, காற்று முன்வாசலில் நுழைந்து பெலிக்ஸின் டிக்கெட்டுத் தாள்களைப் படபடக்கவைத்தது. அடையாள அட்டைப் பையன் விசில் அடித்தான். நாச்சிமுத்து உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றார், மலை கிட்ட வருவதுபோல் இருந்தது. அந்த வெள்ளைக் கார், ஆம் அதேதான், செல்போனில் படம் எடுத்த கார், சிக்னலுக்கு முன்னால் மற்றவற்றோடு மாட்டிக்கொண்டு நின்றது, அதை அவர்கள் கடந்தார்கள். உள்ளே இருந்தவன் வாயைத் திறந்து பார்த்தான், அவனை வெறுக்க முடியவில்லை, பதினாறு வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது அவர்தானே. ஐ.டி.ஐ. எட்டு முப்பத்திரண்டு. நேரக்காப்பாளர் ஓடிவந்து, கடிகாரத்தைக் காட்டி, "என்னய்யா பத்து நிமிஷம் முன்னாடி வந்து நிக்கறே, தண்ணி கிண்ணி போட்டுட்டியா?" என்று கத்த, ஆறுச்சாமி அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினார், அந்த மனிதர் படித்துவிட்டுத் தன் கடிகாரத்தையே சந்தேகத்தோடு பார்த்தார். எட்டு முப்பத்தாறு கடந்துவிட்டது. முப்பத்தேழு. அவள் போயிருப்பாள். மூன்று நிமிடத்துக்கு ஒரு கார் வாங்கினவள், இப்போது நான்கு நிமிடம் ஆகப்போகிறது, நிச்சயம் போயிருப்பாள், இனி ஆயுளுக்கும் பேச்சே கிடையாது. அவளை மறுபடி கைவிட்டுவிட்டோம் என்ற பயமும், சக்கரத்தின் வேகமும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் அடித்ததில் எது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. நாலாம் கேட். எட்டு நாற்பது. நிறுத்தத்தில் பதினைந்து பேர். பதினைந்து பேருக்கும் பின்னால், நிழலில், நீலக் குடையை மடக்கியபடி வசந்தாமணி. ஏறினாள். பெலிக்ஸ் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான், அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்ததும், "எட்டு முப்பத்தாறுன்னீங்க" என்றாள். "ஆமா." "இப்ப நாப்பது." "ஆமா." "நாலு நிமிஷம் லேட்டு." "ஆமா" என்றார் அவர், அவருடைய முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது. "காத்துட்டு இருந்தயா?" "இருந்தேன். வர்ற வண்டிதானே" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "பின்னாடி ரெண்டு வண்டி வருதே, அது காலியா வருது, அதுல ஏறியிருந்தா உக்காந்து வந்திருக்கலாம்."

மணிக்கூண்டு, எட்டு நாற்பத்து மூன்று. காய்கறி மார்க்கெட், நாற்பத்தாறு. வலப்பக்கத்தில் கார்கள் நின்றன, நின்றன, நின்றுகொண்டே இருந்தன. பஸ்ஸுக்குள் இப்போது எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது, எப்படித் தெரிந்ததோ, சாப்பாட்டுப் பை அம்மாள் அடுத்த வரிசைக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், "அம்பதுக்குள்ள போனாத்தான் நமக்கு ரோடாம்." நமக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்கள் ஓடி இறங்கினார்கள், ஏறுகிறவர்களைக் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். ரயில்வே ஸ்டேஷன் வளைவு. இருநூறு மீட்டருக்கு அப்பால் வாசல், வாசலில் சிறு கூட்டம், ஒரு குடை, அதன் கீழே கமிஷனர் அம்மாளாக இருக்கலாம், வெள்ளைச் சட்டை ஒன்று. நாச்சிமுத்துவின் கைக்கடிகாரத்தில் எட்டு நாற்பத்தெட்டு. அப்போது பஸ் வேகம் குறைந்தது. குறைந்து, வளைவுக்கு இந்தப் பக்கமே, புளியமர நிழலில், நின்றேவிட்டது. ஆறுச்சாமி ஹேண்ட் பிரேக்கைக்கூட இழுத்துவிட்டார். "என்னாச்சுங்க?" "ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர், நெற்றி வேர்வையை மணிக்கட்டால் துடைத்து, திருத்திய அட்டையைக் காட்டி. "கார்டுல நாப்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கறீங்க, அப்படின்னா எட்டு அம்பது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குதுங்களே. நின்னு போயிருலாமுங்களா?" நாச்சிமுத்து வாயைத் திறந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆமாம் நிற்கலாம், எட்டு ஐம்பதுக்குச் சரியாக, எழுதியபடி என்று முப்பத்தொரு வருடமும் அவருக்குள் எழுந்து நின்றது. பின்னாலிருந்து வசந்தாமணி நீலக் குடையின் முனையால் அவர் முதுகில் குத்தினாள். "கடைசி நிறுத்தம்" என்றார் நாச்சிமுத்து, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி, "இங்க நாம விட்டுட்டுப் போறதுக்கு ஆள் யாரும் இல்லீங்க ஆறுச்சாமி. முன்னாடியே போங்க."